நகராத எலுமிச்சம்பழமும் நல்லூத்துப்பட்டி ஓடையும்

முந்தின நாள் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டை மறுநாள் மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கி, "சார், அதைத் திருப்பிக் கொடுங்க" என்று கேட்டவன் நான். சர்க்கார் வேலையில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை. தப்பு இருந்தால் மௌனமாக இருந்துவிட்டு, யாராவது கண்டுபிடித்தால் "டைப்பிஸ்ட் தவறு" என்பதுதான் வழக்கம். எனக்கோ அப்போது வேலைகூட நிரந்தரமாகவில்லை.

அறுபதுகளின் முற்பகுதி. திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. குடிதண்ணீர், கழிவுநீர் வேலைகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் நான் ஜூனியர் கெமிஸ்ட். பெயர் காதர். என் அத்தாவுக்குத் தோல் மண்டி. வேலை உத்தரவைக் காட்டியபோது அவர் கேட்டது: "இம்புட்டுப் படிச்சுப்புட்டு சாக்கடைத் தண்ணிய மோந்து பாக்கவாடா போறே?" மோந்து பார்ப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இன்று லேபில் வேலை செய்யும் தம்பிகளும் தங்கைகளும் மெஷினில் பாட்டிலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு சின்ன ஓடைக்கு "இவ்வளவுதான் விடலாம்" என்று நாங்கள் அளவு வைத்த அந்த இருபது நாளைப் போல ஒரு குஷி எனக்கு அப்புறம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1. எட்டுக்கு ஒன்று

செம்பட்டி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பெரிய குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். பாதி வீடுகளில் ஆள் குடியேறியாகிவிட்டது. மீதி வீடுகளை மந்திரி வந்து திறந்துவைக்க நாள் குறித்தாகிவிட்டது. அத்தனை வீட்டுக் குளியலறை, கக்கூஸ், அடுக்களைத் தண்ணீரும் ஓரிடத்துக்கு வரும். அதைத் தொட்டியில் தெளியவிட்டு, கருங்கல் ஜல்லி நிரப்பிய வட்டமான ஃபில்டரின் மேல் சொட்டவிட்டு, மறுபடி தெளியவைத்து, பக்கத்து ஓடையில் விடுவதாக ஏற்பாடு.

அந்த ஓடை நல்லூத்துப்பட்டி என்கிற சின்ன ஊர் வழியாகப் போகிறது. கத்தரி, வெண்டை, கனகாம்பரம் போடுகிற ஊர். அந்த ஊர்க்காரர்கள் ஓடை மணலில் இடுப்பளவுக்குத் தோண்டி, ஊறிவருகிற தண்ணீரைத்தான் குடித்தார்கள். ஊற்று என்பார்கள். மேட்டில் இருந்த கிணறு உப்பு, பருப்பு வேகாது.

ஆக, கேள்வி இதுதான். சுத்தம் செய்த தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தால் ஓடையில் விடலாம்? அந்த அளவை நாங்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். குடியேறிய வீடுகளின் தண்ணீரைச் சோதனைக்காக விட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எழுதியதை வைத்துத்தான் குழாயை முழுசாகத் திறப்பார்கள். அது தப்பானால் நல்லூத்துப்பட்டியின் குடிதண்ணீர் போச்சு.

அழுக்கை அளக்க பி.ஓ.டி. என்று ஒன்று உண்டு. தண்ணீரில் இருக்கும் அழுக்கைக் கிருமிகள் தின்னும்போது ஆக்ஸிஜனை இழுக்கும். ஐந்து நாளில் எவ்வளவு இழுத்தது என்று பார்த்தால் எவ்வளவு அழுக்கு என்று தெரிந்துவிடும். எங்கள் அசிஸ்டென்ட் இன்ஜினியர் வரதராஜன் சாரிடம் இங்கிலாந்துக்காரர்கள் வகுத்த பழைய கணக்கு ஒன்று இருந்தது. விடுகிற தண்ணீரில் பி.ஓ.டி. இருபது பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் இருபது பங்குக்கு, மேல் போகக்கூடாது. மிதக்கிற கசடு முப்பதுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு பங்கு கழிவுநீருக்கு எட்டுப் பங்கு ஓடைத் தண்ணீராவது இருக்கவேண்டும்.

வரதராஜன் சார் முப்பத்தைந்து வயதுக்காரர். கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவார். ஒரு நம்பர் கிடைத்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம்.

"யோவ் காதர், நம்ம மாகாணத்துல எத்தனை ஓடைக்கு இப்படி அளவு வச்சிருக்கான்? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தனும் இல்ல. நாமதான்யா மொதல்ல!"

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன வேகத்தில் எனக்கும் மயிர்க்கூச்செடுத்தது.

2. ஐஸ் பெட்டி

பி.ஓ.டி. பாட்டில்களை ஐந்து நாள் இருபது டிகிரியில் வைக்கவேண்டும். மாசி மாதத் திண்டுக்கல்லில் இருபது டிகிரிக்கு எங்கே போவது? இன்குபேட்டர் கேட்டு எழுதினோம். "பரிசீலனையில்" என்று பதில் வந்தது.

மரப்பெட்டி ஒன்று செய்தோம். உள்ளே துத்தநாகத் தகடு, இரண்டு தகட்டுக்கு நடுவில் மரத்தூள். ஐஸ் கம்பெனியிலிருந்து பார் பாராக ஐஸ் வாங்கி, உமி தூவிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவோம். பெட்டிக்குள் தெர்மாமீட்டர். இருபத்தொன்று ஆனால் ஒரு கட்டி போடு, பத்தொன்பது ஆனால் ஒரு கட்டியை எடு. நானும் பியூன் மாடசாமியும் முறை வைத்துக் காவல் இருந்தோம்.

முதல் தடவை ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்தால் பாட்டில்களுக்கு நடுவே நான்கு கோலி சோடா.

"சார், வெயிலு தாங்கலை. நம்ம பாட்டிலும் அதோட பாட்டிலாக் கெடக்கட்டுமேன்னு போட்டேன்" என்றார் மாடசாமி. சோடா எடுக்க எத்தனை தடவை மூடியைத் திறந்தாரோ, சூடு ஏறி இறங்கி அந்த வாரக் கணக்கு முழுக்கப் பாழ். அன்றே நாகல்நகர் பக்கம் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து தொங்கவிட்டேன். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டுக்கு யோசிப்பானேன்?

அதற்கப்புறம் கணக்கு ஒழுங்காக வந்தது. ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீர் பதினெட்டு, பத்தொன்பது, பதினேழு என்று நின்றது. இருபதுக்குக் கீழே! வரதராஜன் சார் என் முதுகில் போட்ட போட்டில் கண்ணாடி கீழே விழுந்தது.

3. செவ்வாய்க்கிழமை ஜீப்

அடுத்தது ஓடையை அளப்பது. ஓடையில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரிந்தால்தானே எட்டுப் பங்கு இருக்கிறதா என்று சொல்லமுடியும்?

அலுவலகத்துக்கு ஒரே ஜீப். அதற்கு அடிபிடி. ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் ஜீப் சும்மா நிற்கும். செவ்வாயோ வெறுவாயோ என்று எங்கள் ஆட்கள் அன்றைக்கு வாய்க்கால் தோண்டமாட்டார்கள், அஸ்திவாரம் போடமாட்டார்கள், கான்டிராக்டர்கள் அக்ரிமெண்டில் கையெழுத்துக்கூடப் போடமாட்டார்கள். "நமக்கென்னய்யா, சயன்ஸுக்கு ஏது செவ்வாய், புதன்!" என்று வரதராஜன் சார் செவ்வாய்க்கிழமை ஜீப்பை மொத்தமாக எங்களுக்கு வாங்கிவிட்டார். எனக்கும் அது பெரிய சாமர்த்தியமாகத்தான் பட்டது.

ஐம்பது அடி தூரத்துக்கு இரண்டு கம்பு நட்டு, மேல் கம்புக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை விடுவோம். அது பாதி முங்கிப் பாதி மிதந்து நீரோடு போகும். கீழ்க் கம்பைத் தாண்டும்போது நான் ஸ்டாப் வாட்சை அழுத்துவேன். ஓடையின் அகலம், ஆழம், பழம் போன வேகம், மூன்றையும் பெருக்கினால் ஓட்டம் தெரியும்.

"விடு!" என்பார் சார். பழம் துள்ளிக்கொண்டு ஓடும். கூடவே சாரும் கரையில் ஓடுவார், வேட்டி மடித்துக் கட்டினாற்போல் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு.

ஊற்று இருக்கிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு வயலில் பேச்சியம்மா என்று ஒரு பெண் கனகாம்பரம் எடுத்துக்கொண்டிருப்பார். என் வயதுதான் இருக்கும். அவருடைய வீட்டுக்காரர் ஊருக்கு நீர்க்கட்டி, அதாவது யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று மடை திறந்து அடைக்கிறவர். நாங்கள் பழத்தோடு ஓடுவதைப் பார்த்து அந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். தாகமாக இருக்கிறது என்றால் குடத்திலிருந்து தண்ணீர் தருவார். தேன்போல இருக்கும்.

"எங்க ஊத்துத் தண்ணி சார். நேத்தே எடுத்து வச்சது" என்பார்.

மூன்று செவ்வாய்க்கிழமை அளந்தோம். மூன்று தடவையும் எட்டுப் பங்குக்கு மேல் வந்தது. ஒரு தடவை பத்துக்கூட வந்தது. மூன்றாவது செவ்வாய் ஜீப்பில் திரும்பும்போது சார் பாட்டே பாடிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை ரிப்போர்ட் எழுதினோம். 'ஓடையில் போதிய நீரோட்டம் உள்ளது. பி.ஓ.டி. இருபது, கசடு முப்பது என்ற அளவுக்கு உட்பட்டு, ஆண்டு முழுவதும் ஓடையில் விடலாம்.' அவர் கையெழுத்து, கீழே என் கையெழுத்து.

4. ஸ்டாப் வாட்ச் தேடிப் போனது

புதன் சாயங்காலம் பையைக் கொட்டிப் பார்த்தால் ஸ்டாப் வாட்சைக் காணோம். சர்க்கார் சாமான். கரையில் ஒரு கல்லின் மேல் வைத்தது ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை ஜீப் கேட்டால் சிரிப்பார்கள். விடிந்ததும் சைக்கிளை மிதித்தேன்.

ஓடைக்கரையில் இறங்கி நின்றவன், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் இரண்டு கம்புகளும் நட்டபடி நின்றன. நடுவில் ஓடையைக் காணோம்.

வெறும் மணல். மேலே, குவார்ட்டர்ஸ் குழாய் வந்து விழுகிற இடத்தில் மட்டும் கழிவுநீர் ஒரு வாய்க்காலளவுக்கு வழிந்து, புங்கமர நிழலில் ஒரு குட்டையாகத் தேங்கி, அதற்கப்புறம் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. குட்டையின் ஓரம் கறுத்துப்போய் இருந்தது. மோந்து பார்க்கக் குனியவே வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், அதே மணலில், நல்லூத்துப்பட்டிப் பெண்கள் ஊற்றைச் சுற்றி உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் தண்ணீர் மோந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாவும் இருந்தார். மடியிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க சார். ராவெல்லாம் டிக்கு டிக்குன்னு கெடந்துச்சு. விடியக்காத்தால நின்னுபோச்சு. நாங்க ஒண்ணும் செய்யல."

எனக்கு வாட்ச் முக்கியமாகப் படவில்லை. "ஏம்மா, ஓடைத் தண்ணி எங்கே?" என்றேன்.

"எந்தத் தண்ணி?"

"முந்தாநாள் நாங்க அளந்தமே, அந்தத் தண்ணி!"

அந்தம்மா சிரித்த சிரிப்பில் குடம் சாய்ந்தது. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"அது மொறத் தண்ணி சார். வாரத்துல ஒரு நாளு, செவ்வாக்கெழமைதான் மேலக் கம்மாய் மடையத் தொறந்து எங்க வயலுக்கு விடுவாக. பொதங்கெழமை சந்தை. மொத நா தண்ணி பாஞ்சாத்தான் காயி எடை நிக்கும். ஏன் சார், தண்ணி வராத அன்னிக்குல்ல ஓடையப் பாக்க வரணும்? தண்ணி வார அன்னிக்கு எங்க வீட்டு எருமைகூட ஓடையப் பாத்துச் சொல்லுமே!"

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டுப் பங்கு, பத்துப் பங்கு என்று குதித்ததெல்லாம் ஏழு நாளில் ஒரு நாள் கணக்கு. மீதி ஆறு நாளும் ஓடைத் தண்ணீர் சைபர். அன்றைக்குக் குழாயில் வருவது எதுவோ அதுதான் ஓடை. இப்போது பாதி வீட்டுத் தண்ணீர், அதனால் வழியிலேயே மணல் குடித்துவிடுகிறது. மீதி வீடுகளும் திறந்துவிட்டால் குட்டை நிரம்பி நேரே ஊற்றுக்கு வரும்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்தது உண்மை. ஆனால் அதைவிட அதிகமாக வந்தது பரபரப்பு. கண்டுபிடித்துவிட்டோம்! குழாயை முழுசாகத் திறப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டோம்! இன்னும் அந்தக் காகிதம் கட்டடத்தை விட்டு வெளியே போயிருக்காது. சைக்கிளை எடுத்தவன் திண்டுக்கல் போய்த்தான் காலை ஊன்றினேன். "சார், வாச்சு!" என்று பேச்சியம்மா பின்னால் கத்தியது காதில் விழுந்தது, திரும்பவில்லை.

5. மாடி

"சார், அந்த ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்க" என்றேன்.

வரதராஜன் சாருக்கு முகம் சிவந்தது. "மாடிக்குப் போயிருச்சேய்யா, காலைலயே! என்ன தப்பு? பி.ஓ.டி.யா?"

"பி.ஓ.டி. சரி சார். கெழமைதான் தப்பு."

சொல்லி முடித்தேன். அவர் ஸ்லைடு ரூலை எடுத்தார், வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"யோவ், அப்ப எட்டுக்கு ஒண்ணு இல்லய்யா. சைபருக்கு ஒண்ணு! சைபருக்கு அந்தப் புஸ்தகத்துல கணக்கே கிடையாது! நாமதான் போடணும்! வாய்யா மேல!" என்று எழுந்துவிட்டார். தன் தப்பு வெளியே தெரியப்போகிறதே என்று அவர் ஒரு நொடிகூடத் தயங்காததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மாடியில் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர். நாங்கள் இ.இ. என்போம். பேச்சைக் காசு மாதிரி எண்ணிச் செலவழிப்பவர். முழுக்கக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நேத்து கையெழுத்துப் போட்டது நீர்தானே?"

"ஆமா சார்."

"இன்னைக்கு இல்லைங்கிறதும் நீர்தான்."

"ஆமா சார்."

"மந்திரி தேதி குடுத்தாச்சு. ஓடை சரியில்லைன்னு நான் எழுதினா மெட்ராஸ்ல என்னைக் கேப்பாங்க. நான் யாரைக் கேக்கறது? எலுமிச்சம்பழத்தையா?"

வரதராஜன் சார் முந்திக்கொண்டார். "கேட்டுப் பாத்துருவோம் சார். நாளைக்குக் காலைல நீங்களே வந்து பழத்தை விடுங்க. நகர்ந்துச்சுன்னா ரிப்போர்ட் அப்படியே போகட்டும்."

இ.இ. சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "ஏழு மணிக்கு" என்றார். வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு முன்னால் முடிந்துவிடும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

6. வெள்ளை, பழுப்பு

ஏழு மணிக்கு ஓடையில் ஊரே கூடியிருந்தது. நீர்க்கட்டி தோளில் மண்வெட்டியோடு நின்றார். பேச்சியம்மா ஸ்டாப் வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இ.இ. பேண்ட் மடிப்புக் கலையாமல் ஓடைக்குள் இறங்கினார். வரதராஜன் சார் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். இ.இ. அதைக் கீழே விட்டார். பழம் மணலில் "பொத்" என்று விழுந்து, அங்கேயே கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார். ஒரு தடவை செருப்பு நுனியால் தொட்டும் பார்த்தார்.

"நகரலை" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவர் விடவில்லை. "ஓட்டம் இல்லை, சரி. ஆனா குழாய்ல வர்றது பதினெட்டு பி.பி.எம். சுத்தமான தண்ணிதானே? அது நின்னா என்ன கெட்டுப்போகும்?"

அதற்குத்தான் நான் காத்திருந்தேன். இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்தேன். ஒன்றில் ஊற்றுத் தண்ணீர், இன்னொன்றில் புங்கமரக் குட்டைத் தண்ணீர். காற்றுப் படாமல் வழிய வழிய நிரப்பி, இரண்டிலும் ஒரே மருந்துகளை விட்டேன். முதலில் மாங்கனீஸ் சல்பேட், அப்புறம் காரம் கலந்த அயோடைடு. மூடித் தலைகீழாகக் குலுக்கினேன். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகத் திரிதிரியாக இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளை. லேபில் நூறு தடவை செய்தது. அன்றைக்கு ஊரே பார்க்கச் செய்தேன்.

ஊற்றுப் பாட்டில் உடனே பழுத்தது. கருப்பட்டிப் பாகு மாதிரி நல்ல பழுப்பு. குட்டைப் பாட்டிலில் வெள்ளை இறங்கியது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி, துளி நிறம் இல்லாமல்.

"இது உசுருள்ள தண்ணி. இது இல்லாதது" என்று இரண்டையும் உயர்த்திக் காட்டினேன். "குழாய்ல வரும்போது நல்லாத்தான் சார் வருது. ரெண்டு நாள் ஓடாம நின்னா மிச்ச அழுக்கே இருக்கிற காத்தையெல்லாம் தின்னு தீத்துருது. கலக்க எட்டுப் பங்கு தண்ணி இருந்தா இது நடக்காது."

இ.இ. வெள்ளைப் பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பேச்சியம்மா ஊற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மோந்து அவரிடம் நீட்டினார்.

"குடிங்க சார். தொறந்த பெறவு இதே ஊத்துல வந்து குடிப்பீகளா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

இ.இ. செம்பை வாங்கி முழுக்கக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"குடிக்கிற மாதிரி எழுதுங்கய்யா" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

7. கோட்டுக்கல்லும் இரட்டைச் சாவியும்

அங்கேயே, புங்கமரத்தடியில், ஜீப் பானட்டின் மேல் காகிதத்தை விரித்து எழுதினோம். எனக்கு அந்தக் காலை முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. இ.இ. ஒன்று சொல்வார், வரதராஜன் சார் கணக்குப் போடுவார், நீர்க்கட்டி "அது ஆவாது சாமி" என்று தலையாட்டுவார், மறுபடி எழுதுவோம்.

முடிவு இப்படி வந்தது. குழாய்க்கு மேலே ஓடையின் நடுவில் ஒரு கல் நட்டு, எட்டுப் பங்கு ஓடினால் தண்ணீர் எந்த உயரத்துக்கு வருமோ அந்த உயரத்தில் கோடு வெட்டுவது. தண்ணீர் கோட்டைத் தொடுகிற அன்று மட்டும், பிளீச்சிங் பவுடர் போட்டு, இருபது முப்பது அளவுக்குள் ஓடையில் விடலாம். கோட்டைத் தொடாத நாளில் அளவு சைபர். ஒரு சொட்டும் விடக்கூடாது. கதவை அடைத்துவிட்டுப் பக்கத்துப் புறம்போக்கு நிலத்தில் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்க்கவேண்டும். முறைத் தண்ணீர் வந்துபோனால் ஊர் வழக்கப்படி புதன்கிழமை ஊற்றை இறைத்துவிட்டு, வியாழன்தான் குடிக்க எடுப்பது.

"அந்தக் கதவ யாரு தொறப்பா?" என்று கேட்டார் பேச்சியம்மா.

"எங்க ஆபரேட்டர்" என்றார் இ.இ.

"அவருக்குச் சோம்பலா இருந்தா? புல்லுக்குப் பாச்சுறத விட ஓடைல தெறந்து விடுறது லேசு சார். சாவி ஒண்ணு எங்க வீட்டுல இருக்கட்டும்."

"சர்க்கார் சாவியை வெளியாள்கிட்டக் கொடுக்க ரூல் இல்லம்மா."

எனக்குச் சட்டென்று ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. அந்தப் பூட்டு வாங்கின கடையில் இன்னொரு பூட்டும் காட்டினார்கள். இரண்டு சாவியும் போட்டால்தான் திறக்கும். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யமுடியாது. "சார், ரெண்டு சாவிப் பூட்டு போட்டுருவோம். ஒண்ணு ஆபரேட்டர்கிட்ட, ஒண்ணு நீர்க்கட்டிகிட்ட. கல்லுல கோடு முங்கியிருக்குன்னு ரெண்டு பேரும் பாத்தாத்தான் கதவு திறக்கும்."

இ.இ. யோசித்தார். "ரூல்ல இல்லை" என்றார். பிறகு, "கூடாதுன்னும் ரூல்ல இல்லை" என்று கையெழுத்துப் போட்டார். வரதராஜன் சார் பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். பேச்சியம்மா அப்புறம்தான் ஸ்டாப் வாட்சைக் கழற்றிக் கொடுத்தார்.

மந்திரி வந்தார், மாலை போட்டுக்கொண்டார், போனார். கல், கதவு, பூட்டு எதையும் அவருக்கு யாரும் காட்டவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமாகி ஊர் ஊராக மாற்றினார்கள். எத்தனையோ ஓடை, ஆறு, வாய்க்கால் பார்த்தேன். அன்றிலிருந்து என் ஃபீல்டு நோட்டில் முதல் கட்டத்தில் எழுதுவது தேதி இல்லை, கிழமை. அதற்குப் பக்கத்தில், 'அன்றைக்கு இந்தத் தண்ணீர் யார் விட்டது?' இளைய கெமிஸ்டுகளுக்கு நான் சொல்ல இருப்பதும் அவ்வளவுதான். பி.ஓ.டி.யை மெஷின் சொல்லிவிடும். ஓடை மிகவும் கேவலமாக இருக்கிற நாள் எது என்று அந்த ஊரில் தண்ணீர் மோக்கிறவர்களைக் கேளுங்கள். அந்த நாளில் போய் நில்லுங்கள். அந்த நாளுக்குத்தான் அளவு வைக்கவேண்டும்.

மறுவருஷம் சித்திரையில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் நல்லூத்துப்பட்டிக்கு பஸ்ஸில் போனேன். கோட்டுக்கல் காய்ந்து நின்றது. கதவு அடைத்துப் பூட்டியிருந்தது. புறம்போக்கில் புல் ஆளுயரம். புங்கமரத்தடியில் குட்டை இருந்த இடத்தில் பிள்ளைகள் கில்லி விளையாடினார்கள். ஊற்றில் இறங்கிப் பாட்டிலை நிரப்பி மருந்து விட்டேன். பழுத்தது, பாகு மாதிரி. மெட்ராஸ் லேபுக்கு ஏற்கெனவே போன சாம்பிளிலும் கிருமி இல்லை என்று வந்திருந்தது. கிறுக்கன்போல அந்தப் பாட்டிலைப் பார்த்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது பேச்சியம்மா குடத்தோடு வந்தார். முந்தானை முடிச்சில் சாவி தொங்கியது.

"வாங்க சார், எலுமிச்சம்பழம் கொண்டாரலையா?" என்று சிரித்துவிட்டுச் செம்பில் தண்ணீர் மோந்தார். நீட்டிய கையைச் செத்த நேரம் அப்படியே நிறுத்திக்கொண்டு கேட்டார்:

"இன்னிக்கு என்ன கெழம சார்?"

"வியாழன்."

"அப்பக் குடிங்க" என்றார். வாங்கிக் குடித்தேன்.